சோமாலிக் காதல் தொடர்கதைகள்: தேடுவது, கேட்பது, கைமாற்றுவது

இந்தக் குறிப்பு யாருக்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சோமாலிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் ஆசிரியர், நூலகர், இளைஞர் நிலையத்துக்காரர். மொழிபெயர்க்கப் புதிதாக ஏதாவது கிடைக்குமா என்று பார்ப்பவர். அல்லது என்னைப்போல, தொடர்கதை என்றால் எந்த மொழியிலும் விடாதவர். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில், பள்ளி முடிந்து வரும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாட உதவி செய்கிறேன். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் நிறையப் பேர் சோமாலிப் பெண்பிள்ளைகள். என்னை "ஏத்தோ" என்பார்கள், அத்தை முறை. நான் அவர்களை "அபாயோ" என்பேன், தங்கச்சி மாதிரி. கணக்குக் கொப்பிக்குக் கீழே கைபேசியில் என்ன ஓடுகிறது என்று விசாரிக்கப் போய்த்தான் இதற்குள் நுழைந்தேன். சோமாலி எனக்கு அரைகுறை. அரைகுறையாக இருப்பவர்களுக்குத்தான் இந்த வழிகள் அதிகம் உதவும்.

புத்தகம் என்று தேடினால் சீக்கிரம் அலுத்துப்போவீர்கள். இந்தக் கதைகளில் பெரும்பாலானவை ஃபேஸ்புக்கில் பகுதி பகுதியாக வருகின்றன. யூடியூபில் அசையாத ஒரு படத்துக்குப் பின்னால் யாரோ வாசிப்பார்கள். டிக்டொக்கில் ஒரு நிமிடத் துண்டு, டெலிகிராமில் பிடிஎஃப், வட்ஸ்அப்பில் குரல்பதிவு. ஒரே கதை இத்தனை உருவத்திலும் சுற்றும். அதிலும் குரல்தான் முன்னுக்கு நிற்கும்.

அதற்குக் காரணம் இருக்கிறது. சோமாலி மொழிக்கு இலத்தீன் எழுத்தை அரசு அறிவித்ததே 1972இல்தான். 1974-75இல் பள்ளிகளை மூடிவிட்டு, மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாட்டுப்புறத்துக்கு அனுப்பி எழுத்தறிவு இயக்கம் நடத்தினார்கள். 1991இல் அரசு உடைந்தபோது பள்ளிக்கூடங்களும் அதோடு போயின. எழுத்து வேரூன்ற நடுவில் கிடைத்த காலம் இருபது வருடம்கூட இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளோ வீட்டில் சோமாலியைக் கேட்டு வளர்கிறார்கள்; வாசிப்பது நோர்வேஜிய மொழியில் அல்லது ஆங்கிலத்தில். சோமாலி எழுத்தைக் கண்டால் அவர்களுக்குச் சலிப்பு. அதே வரியை ஒரு பெண்குரல் வாசித்தால் வீட்டுப்பாடம் நின்றுவிடும். சோமாலியாவில் மொபைல் டேட்டா விலை ஆப்பிரிக்காவிலேயே மிகக் குறைந்தவற்றில் ஒன்று என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மொகடிஷுவில் இருக்கும் ஒரு பெண் ஒரு மணிநேரக் கதையைக் கணக்குப் பார்க்காமல் கேட்கலாம்.

எதைத் தட்டுவது

கதைக்குச் சொல் "ஷேகோ": எஸ், எச், இரண்டு ஈ, கே, ஓ. காதலுக்கு "ஜஅய்ல்". இதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். ஜே, ஏ, சி, ஏ, வை, எல் என்று எழுதுபவர்கள் உண்டு. இரண்டாவது ஏக்குப் பதிலாக ஈ போட்டு ஜே, ஏ, சி, ஈ, வை, எல் என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டுமே வழக்கில் இருப்பதால் இரண்டையும் தனித்தனியாகத் தேடுங்கள். வேறு வேறு கதைகள் வந்து நிற்கும். சி என்ற எழுத்து அங்கே அரபு மொழியின் ஐன் ஒலி, தொண்டையை இறுக்கிச் சொல்வது. எக்ஸ் என்றால் அடித்தொண்டை "ஹ". ஐரோப்பாவில் வளர்ந்தவர்கள் சியை விட்டுவிடுவார்கள், எக்ஸ் இருக்கவேண்டிய இடத்தில் எச் போடுவார்கள். ஆகவே ஒரு பெயரோ தலைப்போ அகப்படாவிட்டால் அந்த எழுத்துகளை எடுத்துவிட்டும் மாற்றியும் பாருங்கள்.

"கிஸோ" என்றும் ஒரு சொல் உண்டு: கியூ, ஐ, எஸ், ஓ. இதுவும் கதைதான், ஆனால் நடந்த சம்பவம் என்ற வாடையோடு வரும். "தஹனே" என்று ஒட்டியிருந்தால் தொடர். "கய்ப்தா" என்று வந்து பக்கத்தில் எண் இருந்தால் அது பகுதி எண். இந்தச் சொல்லிலும் அதே ஏ-ஈ குழப்பம் உண்டு. "டம்மாத்" என்றால் முற்றும். அந்த ட நம் ட போலவே நாக்கை மடித்துச் சொல்வது, ஆனால் எழுதும்போது டி, எச் என்று இரண்டெழுத்து. இந்தச் சொற்களை எழுத்துக்கூட்டிப் பழகவேண்டியதில்லை. ஏதாவது ஒரு காணொளித் தலைப்பிலிருந்து நகலெடுத்துக் கைபேசிக் குறிப்பில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள், போதும்.

என் யோசனை: முதன்முதலில் தேடும்போது "டம்மாத்" என்ற சொல்லோடு சேர்த்துத் தேடுங்கள். அரைவாசியில் நின்ற தொடர்கள் இந்த உலகத்தில் மலிந்து கிடக்கின்றன. கடைசிப் பகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முதல் பகுதிக்கு வருவது நிம்மதி. பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள்; அவர்களுக்குக் காத்திருப்பதில்தான் ருசி.

யூடியூப்

முகப்புப் படத்தை நம்பாதீர்கள். துருக்கித் தொடர் நடிகை, ஹிந்திப் பட நாயகன், எங்கிருந்தோ எடுத்த கல்யாணப் படம் என்று எது வேண்டுமானாலும் இருக்கும். சோமாலிப் பிள்ளைகள் ஹிந்திப் படங்களைச் சோமாலிக் குரலில் பார்த்து வளர்ந்தவர்கள். தென்னிந்தியப் படங்களும் அங்கே "ஹிந்தி" என்ற பெயரில்தான் உலாவுகின்றன. அதனால் கதையின் நாயகன் எப்படி இருப்பான் என்று கேட்டால் பம்பாய் முகம் ஒன்றைக் காட்டுவார்கள். கதை நடப்பதோ தனிநாடு என்று அறிவித்துக்கொண்ட சோமாலிலாந்தின் ஹர்கெய்ஸாவிலோ, நைரோபியில் சோமாலியர் நிறைந்து வாழும் ஈஸ்ட்லியிலோ இருக்கும்.

முதல் ஒரு நிமிடத்தைத் தாண்டி ஓடவிடாதீர்கள். நல்ல வாசிப்பாளர் சலாம் சொல்லி, கதையின் பெயர், எத்தனையாவது பகுதி, எழுதியவர் யார் என்று அங்கேதான் சொல்வார். வாசிப்பவரும் எழுதியவரும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள். கதை பிடித்திருந்தால் எழுதியவரைக் குறித்துக்கொள்ளுங்கள், குரல் பிடித்திருந்தால் வாசிப்பவரை. நான் முதலில் குரலைத்தான் தேர்ந்தெடுப்பேன். நிறுத்தி நிதானமாக வாசிக்கும் ஒருவர் கிடைத்துவிட்டால் அவர் வாசித்த எல்லாவற்றையும் கேட்கலாம், மொழியும் தானாக ஏறும். வேகத்தை 0.75க்குக் குறைத்தால் சொற்கள் பிரிந்து கேட்கும். அதற்கும் கீழே போனால் எல்லோரும் தூக்கத்தில் கதைப்பதுபோல ஆகிவிடும்.

தொடர்களின் பட்டியல் பெரும்பாலும் ஒழுங்காக இராது. பத்தாம் பகுதிக்குப் பின் மூன்றாம் பகுதி வரும். பதிவேற்றியவரின் பக்கத்துக்குப் போய், காணொளிகளைப் பழையது முதல் என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். நடுவில் ஒரு பகுதி காணாமல் போயிருந்தால் கருத்துகளுக்குப் போங்கள். உங்களுக்கு முன்னாலேயே யாரோ அழுது புலம்பி, வேறொருவர் எங்கே இருக்கிறது என்று சொல்லியிருப்பார்.

ஃபேஸ்புக்

இளம் பெண்கள் எழுதுவதை எழுத்தாகவே பார்க்கவேண்டுமென்றால் இங்கே வாருங்கள். பதிவின் தலையில் டபிள்யூ, சாய்கோடு, கியூ என்று இருக்கும். "வஹா கொரய்", அதாவது எழுதியவர் என்பதன் சுருக்கம். அதற்குப் பக்கத்தில் வருவதுதான் பெயர். பெரும்பாலும் புனைபெயர். கீழே "அடுத்த பகுதியோடு சந்திப்போம்", "பகிருங்கள்" என்ற வகையில் ஒரு வரி. இத்தனை பேர் விருப்பம் போட்டால்தான் அடுத்தது என்று மிரட்டுபவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது, ஆனால் எழுதுபவருக்குக் காசு வராத இடத்தில் அந்த எண்தானே கூலி.

கருத்துகளை விட்டுவிட்டு வாசித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். நாயகியின் மாமியாரைத் திட்டுவது, நாயகனுக்கு "உனக்கு வெட்கமில்லையா" என்று நேரடியாக எழுதுவது, கதாசிரியையிடம் அவளைச் சாகடிக்காதே என்று கெஞ்சுவது எல்லாம் அங்கே நடக்கும். எழுதுபவரும் அதைப் படித்துவிட்டு அடுத்த பகுதியைத் திருப்புவார். சில வேளை மாமியார் திடீரென நல்லவளாவதற்கு வேறு காரணமே இராது.

பழைய பகுதிகளைத் தேட, பக்கத்தின் உள்ளே இருக்கும் தேடல் பெட்டியில் கதைப் பெயரையும் பகுதி எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். பொதுத் தேடலில் போட்டால் அதே கதையை நகலெடுத்துப் போட்ட பக்கங்கள் வரிசைகட்டும். எது மூலம் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: எந்தப் பக்கத்தில் எழுதியவர் கருத்துகளுக்குப் பதில் சொல்கிறாரோ அதுதான். நகல் பக்கங்களில் பதில் சொல்ல ஆள் இராது.

ரமழான் மாதத்தில் பல பக்கங்கள் காதலை நிறுத்திவிடும், அல்லது மார்க்கக் கதைகளுக்கு மாறிவிடும். பக்கம் செத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பெருநாள் முடிந்து பாருங்கள்.

டிக்டொக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது வாசல், வீடு இல்லை. உருக்கமான ஒரு வசனத்தை வாசித்து, பின்னால் கராமிப் பாட்டை மெல்ல ஓடவிட்டிருப்பார்கள். கராமி என்றால் ஊத் வாத்தியத்தோடு பாடும் பழைய காதல் பாட்டு. துண்டு பிடித்திருந்தால் அவருடைய முகப்புக்குப் போய் மற்ற இணைப்புகளை உடனே குறித்துக்கொள்ளுங்கள். 2023 ஆகஸ்டில் சோமாலிய அரசின் தொடர்பாடல் அமைச்சு டிக்டொக்கையும் டெலிகிராமையும் தடைசெய்வதாக அறிவித்தது. அப்போதிருந்து கெட்டிக்கார எழுத்தாளர்கள் எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைப்பதில்லை. நீங்களும் ஓர் எழுத்தாளரை ஒரே செயலியில் மட்டும் தொடராதீர்கள்.

ஆளைக் கேட்பது

நல்ல கதைகள் டெலிகிராம் தடங்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும்தான் இருக்கின்றன. அவற்றுக்கு எந்தத் தேடலும் உதவாது, ஓர் ஆள்தான் உதவும். பெண்பிள்ளைகள் குழுவுக்குள் அக்காமார், மச்சாள்மார், மினியாபொலிஸிலோ டொரொண்டோவிலோ இருக்கும் சித்தி மகள் என்று ஒரு சங்கிலி இருக்கும். கதை அந்தச் சங்கிலி வழியே இரவில் நகரும்.

அந்தச் சங்கிலிக்குள் கேட்கும் விதம் முக்கியம். தாய் தகப்பன் இருக்கும் இடத்தில் "நீ காதல் கதை கேட்கிறாயா" என்று கேட்டுவிடாதீர்கள்; அந்தப் பிள்ளை உங்களோடு திரும்பக் கதைக்காது. குழுவில் சேர்த்துவிடு என்றும் கேட்கவேண்டாம். "எனக்குச் சோமாலி பழகவேண்டும், நல்லாக வாசிக்கிற ஆள் யார்" என்று கேளுங்கள். குரலைப் பற்றிக் கேட்டால் எல்லோருக்கும் சொல்ல ஏதோ இருக்கும். ஒருத்தி ஒரு பெயரைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவள் "அவளா, அவள் மூக்கால் அழுகிறாள்" என்று இன்னொரு பெயர் சொல்வாள். உங்கள் பட்டியல் அப்படித்தான் வளரும். ஆண்பிள்ளைகளும் கேட்கிறார்கள். ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அக்காவின் கைபேசி என்பார்கள்.

வயதானவர்களிடம் வேறு கேள்வி. இல்மி போடரியைப் பற்றிக் கேளுங்கள். பெர்பெரா என்ற துறைமுக ஊரில் ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். ரொட்டி வாங்க வந்த ஹோதன் என்ற பெண்மேல் காதல் கொண்டு, அவளை மணக்க முடியாமல், அவளைப் பாடிப் பாடியே 1940களின் தொடக்கத்தில் இறந்துபோனார். காதலால் செத்தவர் என்றே சோமாலியர் இன்றைக்கும் சொல்வார்கள். அதே 1940களில் அப்தி சினிமோ என்ற லொறி ஓட்டுநர் "பல்வோ" என்ற குட்டிக் காதல் பாட்டைப் பரப்பினார்; ஒன்றிரண்டு வரிதான், லொறியோடு ஊர் ஊராகப் போனது. இளசுகள் கெட்டுப்போகிறார்கள் என்று பெரியவர்களும் மார்க்க அறிஞர்களும் கொதித்தார்கள். டிக்டொக் துண்டுகளைப் பற்றி வீட்டில் நடக்கும் சண்டையைக் கேட்கும்போது எனக்குப் பல்வோதான் ஞாபகம் வரும். பிறகு வானொலி நாடகம், ரிவாயத் என்ற மேடை நாடகம், கசெட். 1980களில் வெளிநாட்டுக்குக் கவிதையும் கடிதமும் கசெட்டில்தான் போயின. ஆகவே குரல்பதிவில் கதை அனுப்புவது இவர்களுக்குப் புதுப் பழக்கமே இல்லை. இந்தப் பெயர்களை அறிந்து வைத்திருப்பது நடைமுறைக்கும் உதவும். உருகி வழியும் நாயகனைக் கருத்துப்பெட்டியில் "போடரி" என்று கிண்டல் செய்தால் உங்களுக்கு விளங்கும்.

கதைக்குள் என்ன இருக்கும்

சில முடிச்சுகள் திரும்பத் திரும்ப வரும். தெரிந்திருந்தால் அரைகுறை மொழியிலும் கதை பிடிபடும். "கபீல்" என்றால் குலம். பெண்கேட்டு வரும் இடத்தில் இந்தச் சொல் வந்தால் கல்யாணம் நடக்காது என்று வைத்துக்கொள்ளலாம். "தஹ்ரீப்" என்றால் லிபியா வழியாகக் கடல் தாண்டும் கள்ளப் பயணம். காதலன் போய்விடுவான், ஒரு குரல்பதிவோடு தொடர்பு அறும். "மஸெய்ர்" சக்களத்திப் பொறாமை. "டகன் எலிஸ்" என்பது வெளிநாட்டில் "கெட்டுப்போன" பிள்ளையைப் பண்பாடு பழக ஊருக்கு அனுப்புவது. ஐரோப்பாவில் எழுதுபவர்களுக்கு இது பிடித்தமான தொடக்கம்: கோபத்தோடு விமானத்தில் வந்து இறங்குகிறாள், மூன்றாம் பகுதிக்குள் பக்கத்து வீட்டுப் பையனைப் பார்க்கிறாள்.

சோமாலியில் அச்சான முதல் நாவல் 1974இல் வந்தது, அதுவும் காதல் கதைதான். எழுத்தறிவில்லாத நாயகனுக்குக் காதலியின் கடிதத்தைத் தானே வாசிக்க முடியாமல் போவது அதில் ஒரு முக்கிய முடிச்சு. இப்போதைய தொடர்களில் அந்த இடத்தில் முடக்கப்பட்ட வட்ஸ்அப் கணக்கு இருக்கிறது.

சோமாலி எழுத்தே வேண்டாம் என்பவர்கள் வாட்பேட் என்ற கதைத்தளத்துக்குப் போகலாம். ஆங்கிலத்தில் எழுதும் சோமாலிப் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். குறிச்சொல்லில் "சோமாலி" என்று ஆங்கில எழுத்தில் போட்டால் வரும். தரம் ஏறி இறங்கும். எனக்கு அவற்றில் பிடித்தது கதையைவிட உரையாடல்: தாய் சோமாலியில் ஏச, மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வது.

மொழிபெயர்ப்புக் கருவி

கூகுள் மொழிபெயர்ப்பில் 2013 முதல் சோமாலி உண்டு. கதைப் போக்கைப் பிடிக்க அது போதும், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். சோமாலியில் "அவள்" என்பதற்கும் "அவர்கள்" என்பதற்கும் "அய்" என்ற ஒரே சிறு சொல்தான். வினைமுற்றைப் பார்த்துத்தான் பிரிக்கவேண்டும், கருவிக்கு அது எப்போதும் கைகூடுவதில்லை. தனியாக அறையில் அழுதுகொண்டிருந்தவள் அடுத்த வரியில் ஒரு கூட்டமாகிவிடுவாள். கதையில் எதிர்பாராமல் ஆட்கள் பெருகினால் அது அவள்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பகுதியையும் ஒரேயடியாகப் போடாமல் பத்தி பத்தியாகப் போட்டால் இந்தக் குழப்பம் குறையும்.

மற்றது கவிதை. காதலர்கள் கதைக்கு நடுவில் கவிதை சொல்லிக்கொள்வார்கள், சொந்தமாகவோ பழையதாகவோ. நம் மோனை மாதிரி, ஆனால் அதைவிடக் கண்டிப்பாக, கவிதை முழுவதும் ஒரே எழுத்தொலியை வரிக்கு வரி கொண்டுவரவேண்டும் என்பது சோமாலி மரபு. எனவே ஒரே எழுத்தில் தொடங்கும் சொல் ஒவ்வொரு வரியிலும் வந்துகொண்டிருந்தால் அது கவிதை. அதைக் கருவியில் போடாதீர்கள். ஒட்டகம், மழை, காயம் என்று தொடர்பில்லாமல் துப்பும். அந்த வரிகளைத் தனியே எடுத்து யாராவது ஒரு பெரியவரிடம் காட்டுங்கள். பேத்தி கேட்கும் கதை என்று தெரியாமலேயே ஒரு தாத்தா எனக்கு அரைமணி நேரம் விளக்கம் சொன்னார்.

கைமாற்றும்போது

இந்தக் கதைகள் கைமாறும்போது முதலில் கழன்று விழுவது எழுதியவரின் பெயர்தான். நகலெடுத்து ஒட்டும்போது தலைவரியை விட்டுவிடுகிறார்கள், காணொளி ஆக்கும்போது தங்கள் பக்கத்தின் பெயரைப் போட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது கையில் கதை அநாதை. எனக்கு இதில் கோபம் வருவதற்குக் காரணம், சோமாலிகளுடைய பழைய வழக்கம் இதற்கு நேர் எதிர். எழுத்தில்லாத காலத்தில் ஒருவரின் கவிதையை மனப்பாடமாகச் சொல்பவர், இயற்றியவரின் பெயரைச் சொல்லவேண்டும், சொல்லை மாற்றக்கூடாது. பெயரில்லாமல் சொல்வது களவு. எழுத்துக்கு முன்னமே பதிப்புரிமை வைத்திருந்த சனம் அது. பிள்ளைகளிடம் "பெயரைப் போடு" என்று சட்டம் பேசினால் கேட்கமாட்டார்கள். "உன் தாத்தா பெயர் சொல்லாமல் கவிதை சொல்வாரா" என்று கேட்டால் போய்த் தேடிப்பிடித்துப் போடுகிறார்கள்.

ஆகவே: முடிந்தவரை இணைப்பை அனுப்புங்கள், நகலை அல்ல. நகல்தான் வழி என்றால் டபிள்யூ-கியூ வரியையும் பகுதி எண்ணையும் மேலே வையுங்கள். குரல்பதிவாக நீங்களே வாசித்து அனுப்பினால் தொடக்கத்தில் பெயரைச் சொல்லுங்கள். தமிழில் மொழிபெயர்த்துப் போட விரும்பினால் எழுதியவருக்குத் தனிச்செய்தி அனுப்பிக் கேளுங்கள். "வலால்" என்று தொடங்குவது மரியாதை. உடன்பிறப்பே என்று பொருள், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. பதில் வரச் சுணங்கும், ஆனால் பெரும்பாலும் சந்தோஷமாகவே வரும்.

சிலவற்றைக் கைமாற்றவே கூடாது. "உண்மைக் கதை" என்று முத்திரை குத்தி ஒரு சாதாரணப் பெண்ணின் படத்தை முகப்பில் போட்டிருந்தால், கதை எவ்வளவு நல்லதென்றாலும் அதோடு நிறுத்துங்கள். அந்தப் படம் பெரும்பாலும் அவளுக்குத் தெரியாமல் எடுத்தது. மொகடிஷுவிலோ ஒஸ்லோவிலோ அவளுக்கு ஓர் அண்ணன் இருப்பான், அவன் கண்ணில் அது படும். அதுபோல, கதைக்குழு என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, அடுத்த பகுதி வேண்டுமானால் தனியாக எழுது, படம் அனுப்பு என்று நிர்வாகி கேட்டால், அது கதைக்குழு இல்லை. நிர்வாகி அனுப்பிய செய்திகளைச் சான்றாகத் திரைநகல் எடுத்து வைத்துக்கொண்டு, குழுவை விட்டு வெளியேறி, ஒரு பெரியவரிடம் சொல்லவேண்டும். இதை என் மேசையில் வெளிப்படையாகவே சொல்வேன். காதல் என்ற பெயரில் ஆபாசக் கதைகளும் அதே தேடல் முடிவுகளில் கலந்து வரும், சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து தேடும்போது முன்கூட்டியே தனியாகப் பார்த்து வைப்பது நல்லது.

காசு கொடுப்பது

சில எழுத்தாளர்கள் முதல் பகுதிகளை இலவசமாகப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பிடிஎஃப் ஆக விற்பார்கள். வங்கி அட்டையெல்லாம் இல்லை, ஒரு தொலைபேசி எண் மட்டும் இருக்கும். சோமாலியாவின் நாட்டுக் குறியீடான 252க்குப் பிறகு 63 என்று வந்தால் சோமாலிலாந்து, பணம் ஸாத் என்ற கைபேசிப் பணச் சேவை வழியாகப் போகும். 61 என்றால் பெரும்பாலும் மொகடிஷு பக்கம், அங்கே அதே மாதிரிச் சேவை ஈவிசி பிளஸ். 90 என்றால் சோமாலியாவின் வடகிழக்கில் உள்ள புண்ட்லாந்து, அங்கே ஸஹல். எழுத்தாளர் எங்கே இருக்கிறார் என்பதும் இதிலிருந்தே தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து வேர்ல்ட்ரெமிட் போன்ற சேவைகள் மூலம் நேரடியாகக் கைபேசிக் கணக்குக்கு அனுப்பலாம். கட்டணம் கதையின் விலையைவிடக் கூடிவிடும் என்பதால் நாலைந்து பேர் சேர்ந்து அனுப்புவது நல்லது. அனுப்புவதற்கு முன்னால் அந்த எண் எழுத்தாளரின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நகல் பக்கத்துக்காரர்கள் தங்கள் எண்ணைப் போட்டு விற்பதும் உண்டு.

அச்சுப் புத்தகம்தான் வேண்டும் என்றால் ஹர்கெய்ஸாவில் 2008 முதலும் மொகடிஷுவில் 2015 முதலும் புத்தகத் திருவிழா நடக்கிறது. அந்த நாட்களில் புது அட்டைகள் இணையத்தில் வரிசையாக வரும், தலைப்பைக் குறித்துக்கொள்ளலாம். நோர்வேயில் இருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: தேசிய நூலகத்தின் பன்மொழி நூலகம் சோமாலிப் புத்தகங்களை உள்ளூர் நூலகம் வழியாக இரவல் தருகிறது. தமிழ்ப் புத்தகமும் அங்கேயே உண்டு, இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடைசியாக, கதை நடுவில் நின்றுவிட்டால். முதலில் ரமழானா, பரீட்சைக் காலமா என்று பாருங்கள். எழுதுபவர்களில் பலர் மாணவிகள். பிறகு கடைசிப் பகுதியின் கருத்துகளைப் புதியது முதல் என்று வரிசைப்படுத்துங்கள். அவர் புதுப் பக்கத்துக்குப் போயிருந்தால் யாராவது இணைப்புப் போட்டிருப்பார். இல்லாவிட்டால் கதைப் பெயரோடு யூடியூபில் தேடுங்கள். எழுத்தில் நின்றது குரலில் முடிந்திருக்கும், சில வேளை வாசிப்பவர் தானே ஒரு முடிவைக் கட்டியிருப்பார். எதுவும் இல்லையென்றால் எழுதியவருக்கு ஒரு செய்தி போடுங்கள். கல்யாணமாகிவிட்டது, கணவருக்கு இது பிடிக்காது என்று ஒருவரிடமிருந்து எங்களுக்குப் பதில் வந்தது. அதற்குப் பிறகு என் மேசைப் பிள்ளைகள் மிச்சப் பகுதிகளைத் தாங்களே குரலில் பதிந்து, முதல் வரியிலேயே "இதுவரை எழுதியவர் அவர், இனி நாங்கள்" என்று சொல்லிவிட்டுத் தொடர்கிறார்கள்.